பாஸிங் ஆபீசர் இல்லாத கவுண்டர்

வெளிநாட்டு வேலைக்கான கூலியை யுஎஸ்டிடியிலும் பிட்காயினிலும் வாங்கி, அனுப்பி, மாற்றிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



கிரிப்டோ நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அந்தச் சண்டையை உங்கள் வீட்டில் அப்பா ஏற்கெனவே போட்டு முடித்திருப்பார். கையில் இருக்கும் காயினை இன்னொருவருக்கு அனுப்புகிறீர்களே, அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். வேலைக்காலம் முழுக்க பேங்கில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை அனுப்பிச் சோறு தின்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

பேங்கில் தப்பே நடக்காது என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் நடக்கும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறும், தொகையில் ஒரு சைபர் கூடும், ராமசாமிக்குப் போகவேண்டியது முத்துசாமி கணக்கில் ஏறும். இவையெல்லாம் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம், திருத்துவதற்கென்றே உள்ளே பல பேர் இருந்ததுதான். வவுச்சரை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் பாஸ் பண்ணுவார். எழுதினவரே பாஸ் பண்ணக் கூடாது. எவ்வளவு சீனியராக இருந்தாலும் கூடாது. இரண்டு பேர் கண்ணையும் தாண்டிவிட்டால் சாயங்காலம் கணக்கு டேலி ஆகாமல் கழுத்தைப் பிடிக்கும். யாருடையது என்று தெரியாத பணம் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போய் நிற்கும். தப்பாக ஏறின கணக்கில் பணத்தை எடுக்கவிடாமல் லீன் போட்டுவிட்டு அந்தக் கிளைக்கு போன் அடிப்போம். முத்துசாமி முறுக்கிக்கொண்டால் கோர்ட் இருக்கிறது.

பெரிய கம்பெனிக்கும் இந்தத் தப்பும் திருத்தமும் பொருந்தும். 2021 மே மாதம் கிரிப்டோ டாட் காம் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் ஒரு வாடிக்கையாளருக்கு 100 டாலர் ரீஃபண்ட் கொடுக்கவேண்டியிருந்தது. தொகை போடும் கட்டத்தில் யாரோ கணக்கு எண்ணை அடித்துவிட்டார்கள். போனது ஒரு கோடியே ஐந்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அது தெரிந்ததே ஏழு மாதம் கழித்து, ஆடிட்டில். அதற்குள் அந்தப் பணத்தில் ஒரு வீடு வாங்கியாயிற்று. ஆனாலும் அது பேங்க் வழியாகப் போன பணம். கணக்கை முடக்கவும், வீட்டை விற்றுத் திருப்பிக் கொடு என்று உத்தரவு போடவும் நீதிமன்றத்தால் முடிந்தது. கிரிப்டோ கம்பெனியைக் காப்பாற்றியது பழைய பேங்க் ஏற்பாடுதான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அதே தொகை பிட்காயினாகவோ ஈதராகவோ, பெயர் தெரியாத ஒரு வாலட்டுக்குப் போயிருந்தால்? அங்கே லீன் போட யாருக்கும் அதிகாரம் இல்லை, போன் அடிக்கக் கிளையும் இல்லை. நடந்ததை மாற்றவேண்டுமென்றால் அந்தச் சங்கிலியை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் சம்மதிக்கவேண்டும். எத்தீரியத்தில் 2016-ல் 'தி டாவ்' திருட்டுக்காக அப்படி ஒரு முறை செய்தார்கள். ஒரு சிறுபான்மை ஒத்துக்கொள்ளவில்லை என்று சங்கிலியே இரண்டாகப் பிரிந்தது. உங்கள் ஐந்நூறு டாலருக்காக யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

ஆக, உங்கள் வாலட்டில் வவுச்சர் எழுதுபவரும் நீங்கள்தான், பாஸ் பண்ணுபவரும் நீங்கள்தான். நீங்கள் இதைச் சுதந்திரம் என்கிறீர்கள். இருக்கட்டும். பேங்கில் இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் வேறு. இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில்தான் அது வரும்.

'முதலில் சின்னத் தொகை அனுப்பிப் பார், சரியாகப் போனால் மிச்சத்தை அனுப்பு' என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று மூன்று கேஸ் சொல்கிறேன். மூன்றிலும் சின்னத் தொகை அனுப்பிப் பார்த்திருந்தார்கள்.

முதலாவது, 2024 மே. எத்தீரியத்தில் ஒருவர் சோதனைக்காக 0.05 ஈதர் அனுப்பினார்; சரியான முகவரிக்குப் போனது. பிறகு 1,155 ராப்டு பிட்காயின், அன்றைய விலையில் சுமார் ஏழு கோடி டாலர், அனுப்பினார். அது திருடனுக்குப் போனது. இடையில் என்ன நடந்தது? எத்தீரியம் முகவரியில் முன்னொட்டு போக 40 எழுத்து. பல வாலட்டுகள் ஹிஸ்டரியில் அதை முழுசாகக் காட்டுவதில்லை. முன்னால் கொஞ்சம், நடுவில் மூன்று புள்ளி, பின்னால் கொஞ்சம். அவர் அனுப்பவேண்டிய முகவரி டி, 9, ஏ, 1 என்று தொடங்கி 5, 3, ஏ, 9, 1 என்று முடிந்தது. திருடனும் அதே மாதிரி தொடங்கி அதே மாதிரி முடியும் ஒரு முகவரியைத் தயார் பண்ணி, சோதனைத் தொகை போனதும் அதிலிருந்து ஒரு பொய்ப் பரிவர்த்தனையை அவருடைய ஹிஸ்டரியில் விழவைத்தான். அவர் ஹிஸ்டரியைத் திறந்தார், முனை இரண்டையும் பார்த்தார், காப்பி பண்ணினார். நடுவில் இருந்த எழுத்துகள் மூன்று புள்ளிக்குள் கிடந்தன.

இதற்கு 'அட்ரஸ் பாய்சனிங்' என்று பெயர். திருடன் உங்கள் சாவியைத் திருடவில்லை, எதையும் உடைக்கவும் இல்லை. உங்கள் பாஸ்புக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். பொதுச் சங்கிலியில் யாருக்கு யார் எவ்வளவு அனுப்பினார் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் எந்த வரியை எங்கே எழுதவேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டாவது, 2025 டிசம்பர். இந்த முறை சோதனைத் தொகை 50 யுஎஸ்டிடி. சரியாகப் போனது. அரை மணி நேரத்துக்குள் மிச்சம் 4,99,99,950 யுஎஸ்டிடி போனது, ஹிஸ்டரியிலிருந்து எடுத்த போலி முகவரிக்கு. திருடன் கையோடு அதை டாய் என்ற இன்னொரு டாலர் காயினாக மாற்றினான். யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் கம்பெனியால் ஒரு முகவரியில் இருக்கும் யுஎஸ்டிடியை முடக்க முடியும்; டாயை அப்படி முடக்க ஆள் இல்லை. பிறகு ஈதர் ஆக்கி, தடம் அழிக்கும் மிக்ஸருக்குள் விட்டான். முதல் கேஸில் அதிர்ஷ்டம் இருந்தது. பறிகொடுத்தவர் பரிவர்த்தனைக்குள்ளேயே செய்தி எழுதி, பத்து சதவீதம் நீ வைத்துக்கொள் என்று பேரம் பேச, ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பகுதி திரும்பி வந்தது. துப்பறியும் ஆட்கள் தன் வாலைப் பிடித்துவிட்டார்கள் என்று திருடன் பயந்ததால் வந்த பணம் அது.

கவனியுங்கள், இரண்டு பேருமே அசட்டையான ஆட்கள் இல்லை. சோதனை செய்யுமளவு கவனம் இருந்தவர்கள்தான். ஆனால் சோதித்தது ஒரு முகவரி, இரண்டாவது முறை காப்பி பண்ணியது வேறொரு முகவரி. ஒரு வவுச்சரைக் காட்டி இனிஷியல் வாங்கிக்கொண்டு, பணத்தை இன்னொரு வவுச்சருக்குக் கொடுத்த மாதிரி.

இங்கே ஒரு கணக்கு சொல்லவேண்டும், எனக்குப் பிடித்த கணக்கு. பழைய வகை பிட்காயின் முகவரிகளில் கடைசியில் ஒரு சரிபார்ப்புத் துண்டு ஒளிந்திருக்கும். கை தவறி ஓர் எழுத்தை மாற்றி அடித்தால் வாலட் 'செல்லாத முகவரி' என்று நிறுத்திவிடும். தப்பான முகவரி தற்செயலாகச் செல்லுபடியாக 429 கோடியில் ஒரு வாய்ப்புதான். சைபரும் ஆங்கில ஓவும் குழம்பக் கூடாது என்று அந்த இரண்டையுமே விட்டுவிட்டார்கள். அற்புதமான ஏற்பாடு. இப்போது எத்தீரியம் முகவரியைப் பாருங்கள். ஓர் இடத்துக்கு 16 சாத்தியம். முன்னால் நான்கு, பின்னால் நான்கு எழுத்து மட்டும் பொருந்தும் ஒரு போலியைச் செய்ய எத்தனை முறை முயலவேண்டும்? பதினாறை எட்டு முறை பெருக்கினால் அதே 429 கோடி. தற்செயலுக்கு எட்டாத அந்த எண், வேண்டுமென்றே தேடுகிறவனின் கிராபிக்ஸ் கார்டுக்குச் சில நிமிட வேலை. கை தவறுவதிலிருந்து காப்பாற்ற நன்றாகவே யோசித்தார்கள். ஆள் மாறாட்டத்திலிருந்து காப்பாற்றுவது முழுக்க உங்கள் தலையில்.

நம் பேங்குகளில் இதே ஓட்டை ரொம்ப நாள் இருந்தது. நெஃப்டில் பெயரை என்னவென்று அடித்தாலும் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் பணம் ஏறும். 2025 ஏப்ரல் 1-க்குள் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதி வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகுதான் அடைபட்டது. உங்கள் சங்கிலியில் அப்படிச் சொல்ல ஒரு ரிசர்வ் வங்கி இல்லை. வாலட் 'சரியான முகவரி' என்று பச்சை டிக் போட்டால் அப்படி ஒரு முகவரி இருக்கமுடியும் என்றுதான் அர்த்தம். அது உங்கள் ஆளுடையது என்று அது சொல்லவில்லை.

மூன்றாவது கேஸ் 2022-ல். ஆப்டிமிசம் என்ற எத்தீரியம் துணைச் சங்கிலியை நடத்தும் அறக்கட்டளை, விண்டர்மியூட் என்ற பெரிய வர்த்தக நிறுவனத்துக்கு 2 கோடி ஓபி டோக்கன் கொடுக்கவேண்டும். இவர்கள் முகவரி கேட்டார்கள், அவர்கள் கொடுத்தார்கள். இரண்டு முறை சோதனைத் தொகை போனது. இரண்டு முறையும் 'வந்துவிட்டது' என்று பதில் வந்தது. மொத்தமும் அனுப்பியாயிற்று. பிறகுதான் தெரிந்தது: விண்டர்மியூட் கொடுத்தது எத்தீரியம் பிரதானச் சங்கிலியில் அவர்கள் வைத்திருந்த, பல பேர் கையெழுத்து வேண்டிய கூட்டு வாலட்டின் முகவரி. துணைச் சங்கிலியில் அந்த முகவரியில் பணம் போய் நிற்கும். ஆனால் அங்கே அந்த வாலட்டை அவர்கள் இன்னும் உருவாக்கவே இல்லை. அவர்கள் உருவாக்குவதற்குள் ஒருவன் முந்திக்கொண்டு அதே முகவரியில் தன் வாலட்டை எழுப்பிவிட்டான். 1 கோடியே 70 லட்சம் டோக்கனை அவன் பிறகு திருப்பிக் கொடுத்தான் என்பது வேறு கதை.

'வந்துவிட்டது' என்பதும் 'எடுக்க முடிகிறது' என்பதும் ஒன்றல்ல என்று இதில் தெரிகிறது. சோதனைத் தொகை போய்ச் சேர்ந்ததும் பெறுபவரிடம், அதிலிருந்து ஒரு துளியைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்காக இருந்தால் பாலன்ஸில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். எக்ஸ்ப்ளோரரில் 'சக்சஸ்' என்று இருக்கிறதே என்றால், அந்த இரண்டு சோதனையும் சக்சஸ்தான்.

நெட்வொர்க் குழப்பத்தையும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன், உங்களில் அதிகம் பேர் கையைச் சுடுவது அங்கேதான். யுஎஸ்டிடி என்பது ஒரே பெயர். ட்ரானில் டிஆர்சி-20, எத்தீரியத்தில் ஈஆர்சி-20, பைனான்ஸின் சங்கிலியில் பிஇபி-20 என்று ஓடும் பாதை பல. ட்ரான் முகவரி ஆங்கில 'டி'யில் தொடங்குவதால் அதை எத்தீரியம் முகவரியோடு கலக்க வாலட்டே விடாது. ஈஆர்சிக்கும் பிஇபிக்கும் முகவரி அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். அங்கேதான் வாலட் வாயைத் திறக்காது. உங்கள் சொந்த வாலட்டுக்கு மாறிப்போனால் பதற்றம் வேண்டாம். அதே சாவி இரண்டு பாதையிலும் திறக்கும், நெட்வொர்க்கைச் சேர்த்தால் பணம் தெரியும். எக்ஸ்சேஞ்ச் கொடுத்த முகவரிக்கு மாறிப்போனால் சாவி அவர்களிடம் இருக்கிறது. எடுத்துக் கொடுக்கலாம், கட்டணம் கேட்கலாம், முடியாது என்றும் சொல்லலாம். பெறுபவர் 'யுஎஸ்டிடி அனுப்பு' என்று மட்டும் சொன்னால் அனுப்பாதீர்கள். எந்தப் பாதை என்பதை அவர் வாயால் சொல்லவேண்டும். கட்டணம் குறைவு என்று நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லர், டான் மாதிரி காயின்களை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு ஒரு டேக் எண்ணோ மெமோவோ கேட்கும். லட்சம் பேருக்கும் முகவரி ஒன்றே, டேக்தான் உங்கள் கணக்கு எண். விட்டுவிட்டால் பணம் அவர்கள் பொதுக் கல்லாவில் பெயரில்லாமல் நிற்கும். எங்கள் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுக்கு நெருக்கமாக உங்கள் உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான். சப்போர்ட் டிக்கெட் போட்டுப் பொறுமையாக இருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பெரும்பாலும் கிடைக்காத வகை ஒன்று இருக்கிறது. காயின் விவரப் பக்கத்தில் 'கான்ட்ராக்ட்' என்று ஒரு நீண்ட முகவரி போட்டிருப்பார்கள். அதுதான் அனுப்பவேண்டிய இடம் என்று நினைத்து அதற்கே டோக்கனை அனுப்புகிறவர்கள் உண்டு. அது அந்த டோக்கனை இயக்கும் நிரல்; யாருடைய பையும் அல்ல. யுஎஸ்டிடியின் கான்ட்ராக்ட்டுக்குள் இப்படிப் போய் விழுந்த யுஎஸ்டிடி ஏராளம்; யார் வேண்டுமானாலும் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நூறு கண் பார்த்தால் தப்பு நடக்காது என்றும் நினைக்காதீர்கள். 2022 மே மாதம் ஜூனோ என்ற சங்கிலியில், ஓட்டெடுப்பு நடத்தி, சுமார் 3.6 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கனைப் பொது வாலட் ஒன்றுக்கு மாற்ற முனைந்தார்கள். நிரல் எழுதியவர் முகவரிக்குப் பதில் அதன் பக்கத்தில் இருந்த பரிவர்த்தனை ஹேஷை ஒட்டிவிட்டார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி எழுத்துக் குவியல். அந்த மாற்றத்தை இயக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட வாலிடேட்டர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. பணம் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்தவர் பார்த்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பேங்கில் பாஸிங் ஆபீசர் ஒருவர்தான் இருப்பார், தப்பென்றால் அவர் இனிஷியல்தான் மாட்டும்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாலட் தானாகக் காட்டும் கட்டணத்தைக் கையால் மாற்றாதவரை உங்களுக்கு ஆபத்து குறைவு. 2023 செப்டம்பரில் பாக்சோஸ் நிறுவனம் 2,000 டாலர் மதிப்புள்ள பிட்காயினை அனுப்ப 5 லட்சம் டாலர் கட்டணம் கொடுத்தது; பிளாக்கை எடுத்த எஃப்2பூல் என்ற மைனிங் குழு பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தது. பெருந்தன்மையை நம்பி வவுச்சர் எழுதாதீர்கள்.

சரி, பாஸிங் ஆபீசருக்கு எங்கே போவது? வீட்டிலேயே இருக்கிறார். தங்கையையோ ரூம்மேட்டையோ பக்கத்தில் உட்காரவையுங்கள். அவருக்குக் கிரிப்டோ தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. பெறுபவரை போனில் கூப்பிட்டு, முகவரியின் நடுவிலிருந்து எட்டு எழுத்தை அவர் திரையைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். 'மூணு, எஃப், பி, ஏழு...' என்று அவர் வாசிக்க வாசிக்க, உங்கள் 'சென்ட்' திரையில் இருக்கும் முகவரியைத் தங்கை விரல் வைத்துப் பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை வாட்ஸ்அப்பிலேயே சரிபார்ப்பதில் அர்த்தம் இல்லை, குரல் வேண்டும். விரல் இருக்கவேண்டியது நீங்கள் ஒட்டிய பிறகு தெரியும் எழுத்தின் மேல். காப்பி பண்ணினதை ஒட்டும் நேரத்தில் மாற்றிவிடும் வைரஸ் உண்டு. 2019-ல் மெட்டாமாஸ்க் பெயரில் போலி ஆப் ஒன்று இந்த வேலையைச் செய்துகொண்டு கூகுள் பிளே ஸ்டோரிலேயே உட்கார்ந்திருந்தது. ஹார்டுவேர் வாலட் இருந்தால் அதன் சின்னத் திரையில் வருவதைப் பாருங்கள், கம்ப்யூட்டர் திரையை நம்பவேண்டாம்.

அப்படிச் சரிபார்த்த முகவரியை அன்றைக்கே அட்ரஸ் புக்கில் பெயர் போட்டு வைத்துவிடுங்கள். சோதனைத் தொகையும் மிச்சத் தொகையும் அந்தப் பெயரிலிருந்துதான் போகவேண்டும். ஹிஸ்டரி படிப்பதற்கு மட்டும். அதிலிருந்து முகவரி எடுப்பதை அறவே விட்டுவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் அந்த இரண்டு பேரிடம் இருந்திருந்தால் முதல் இரண்டு கேஸும் இல்லை. பல எக்ஸ்சேஞ்சுகளில், பட்டியலில் சேர்த்த முகவரிக்கு மட்டும் பணம் போகும்படி பூட்டலாம். புதிய முகவரியைச் சேர்த்தால் ஒரு நாள் காத்திருக்கவைக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. எரிச்சலாக இருக்கும். போடுங்கள். 'இன்னும் பத்து நிமிடத்தில் அனுப்பவில்லை என்றால் ரேட் போய்விடும்' என்று ஒருவர் அவசரப்படுத்தும்போது, முடியாது சார், சிஸ்டம் விடவில்லை என்று சொல்ல அது உதவும். பேங்கில் நாங்கள் எத்தனையோ பேரை அப்படிச் சமாளித்திருக்கிறோம்.

தப்பு நடந்துவிட்டதென்றால், முதலில் பரிவர்த்தனை உறுதியாகிவிட்டதா என்று பாருங்கள். பிட்காயினில் இன்னும் பிளாக்கில் ஏறவில்லை என்றால், அதே பணத்தை அதிகக் கட்டணத்தோடு உங்களுக்கே திருப்பி அனுப்பி முந்தலாம். பல வாலட்டுகளில் அதற்குப் பொத்தான் இருக்கிறது. எத்தீரியத்திலும் நிலுவையில் இருப்பதை ரத்து செய்யும் வழி உண்டு, ஆனால் நேரம் வினாடிக் கணக்கில்தான். போய்ச் சேர்ந்தது எக்ஸ்சேஞ்ச் முகவரி என்றால் பரிவர்த்தனை எண்ணோடு அவர்களுக்கு உடனே எழுதுங்கள். திருட்டு என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். வரியில் ஆறுதல் தேடவேண்டாம்: 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, நஷ்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க விடுவதில்லை.

நஷ்டத்தை எங்கேயாவது புலம்பி எழுதிய ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு ஒரு செய்தி வரும். 'ரெக்கவரி எக்ஸ்பர்ட்' என்பான். இதற்கு முன்னால் மீட்டுக்கொடுத்தவர்களின் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவான். முன்பணம் கேட்பான், அல்லது வாலட்டின் பன்னிரண்டு சொல்லைக் கேட்பான். பரிவர்த்தனையைப் பின்னோக்கி ஓட்டும் மென்பொருள் தன்னிடம் இருப்பதாகச் சொல்வான். அப்படி ஒன்று இல்லை. பதில் போடாதீர்கள், பிளாக் பண்ணுங்கள். அவன் நம்பரையும் 1930-ல் கொடுக்கும் புகாரோடு சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு பாஸிங் ஆபீசர்